பழைய கேமராவுக்குப் பேட்டரி: மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்கு

அத்தையின் புது ஃபைபர் படகு வெள்ளிக்கிழமை முதல்முறையாகக் கடலில் இறங்குவதாக இருந்தது. படம் எடுக்கும் பொறுப்பு எனக்கு. உப்பளக் கூலியில் சேர்த்து வாங்கிய என் பழைய கேமராவின் பேட்டரியோ வீங்கிப்போய், பத்துப் படத்தில் தீர்ந்துவிடும். படகை இன்னொரு முறை முதல்முறையாக இறக்கச் சொல்ல முடியாது. அதனால் புதன்கிழமை கிளம்பினேன். கடையில் பேச எனக்குக் கூச்சம் என்பதால், மீன் விற்கும் அத்தையும் கூட வந்தார்.

மரக்காணத்தில் காலை 9.40 பேருந்து. சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம், ஆளுக்கு முப்பது ரூபாய். இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் தெரியும்.

என் கேமராவுக்கு அதன் கம்பெனி பேட்டரி இப்போது வருவதில்லை. புதுச்சேரியில் நாங்கள் நுழைந்த கேமரா கடையில் வேறு கம்பெனிகளின் பேட்டரிகள் இரண்டு காட்டினார்கள். ஒன்று 650 ரூபாய், சாதாரண அட்டை. இன்னொன்று 400, பளபளக்கும் தங்க நிற அட்டை.

அத்தை இரண்டையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். "தங்கக் கலருதான்டி கனமா இருக்குது. நண்டுகூட கனமா இருந்தாத்தான் உள்ள சதை இருக்கும்."

எனக்குச் சந்தேகம். என் பழைய பேட்டரியில் சார்ஜ் கொள்ளளவு 1040 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறது; தங்க அட்டையில் 2200. அதே அளவுக்குள் 2200 எப்படி அடங்கும்? இரண்டுமே சீனாவில் செய்தவைதான். ஆனால் 650 ரூபாய்ப் பேட்டரியின் அட்டையில், செய்த கம்பெனி, இறக்குமதி செய்தவர் முகவரி, அரசுப் பதிவு எண் எல்லாம் இருந்தன. 1050 என்று அடக்கமாகப் போட்டிருந்தார்கள். தங்க அட்டையில் நாட்டின் பெயரோடு சரி. இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அத்தை அட்டையை முகர்ந்து பார்த்தார். கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஏம்மா, இது இன்னா மீன் மார்க்கெட்டா?"

"மீனுன்னா செவுளத் தொறந்து காட்டுவோம். நீ இன்னாத்துக்கு மூடி ஒட்டி வச்சிருக்க?"

அவர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்க்கும்போது நான் சொல்லிவிட்டேன்: "அண்ணா, ரெண்டையும் கேமராவுல போட்டுப் பாக்கணும்."

"பிரிச்சா வாங்கணும் பாப்பா."

"எது ஓடுதோ அத வாங்கிக்கிறேண்ணா."

பிரித்துத் தந்தார். தங்க அட்டைப் பேட்டரியைப் போட்டதும், 'இதைப் பயன்படுத்த முடியாது' என்று காட்டி கேமரா அணைந்தது. மற்றதில் உடனே உயிர் வந்தது. "நண்டுலயும் ஏமாந்துதான் இருக்கேன்" என்றார் அத்தை.

நீங்களும் வாங்கப் போனால் கேமராவையும் பழைய பேட்டரியையும் கையோடு கொண்டுபோங்கள். கனத்தை மட்டும் நம்பாதீர்கள். முதல் சார்ஜில் கொதிக்கிறதா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். வீங்கியதை அழுத்தவோ குத்தவோ வேண்டாம். உப்புக்காற்றுள்ள ஊரென்றால் பேட்டரி முனையிலுள்ள செம்புப் பட்டைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

வெள்ளிக்கிழமை 146 படங்கள் எடுத்தேன். படகைத் தள்ளியவர்கள் எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகமும் கிடைக்கவில்லை. முட்டியளவு அலையில் இறங்கி, "எல்லாரும் இங்க பாருங்க!" என்று கத்தினேன். இருபது பேரும் திரும்பினார்கள். நடுவில் அத்தை, வாயெல்லாம் பல்.