வலப்பக்கக் கடைசி நூல்

பந்தயக் கார் செய்கிற இடத்தில் அவருக்கு நூல்காரர் என்றுதான் பெயர். காரின் பாதி அளவு மாதிரியை நீளமான காற்றுக் கூடத்தில் நிறுத்தி, அதன் உடம்பெல்லாம் விரல்நீள நூல்களை டேப் வைத்து ஒட்டுவார். ராட்சத விசிறி சுழலும்போது நூல் படிந்து கிடந்தால் காற்று அந்த இடத்தை ஒட்டிப் போகிறது. துடித்தால் விலகிப் போகிறது. விலகினால், காரின் பின்னால் இருக்கிற இறக்கைக்குக் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிற பலம் இல்லாமல் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். இருபது வருஷமாக இதே வேலை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாதிரியில் பின்னிறக்கையின் வலப்பக்கக் கடைசி நூல் துடித்தது. டேப் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தார். பசி வேறு. நீளமாக டேப்பைக் கிழித்து, நூலைப் பாதிக்கு மேல் அமுக்கி ஒட்டினார். அப்படி அமுக்கினால் எந்த நூல்தான் ஆடும்? எல்லாம் படிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்தக் கார் ஐந்தாவது பந்தயத்தில் ஒரு வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுவரில் மோதியது. ஓட்டியவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. ஸ்டியரிங்கை அவன்தான் தப்பாகத் திருப்பினான் என்று அறிக்கை வந்தது. நூல்காரர் வாயைத் திறக்கவில்லை.

அதிலிருந்து வீட்டில் மின்விசிறி போட விடமாட்டார். திரைச்சீலையில் பிரிந்த இழை, மனைவியின் நெற்றி முடி, எது ஆடினாலும் அவருக்கு வியர்த்துக் கொட்டும். விரலால் அமுக்கப் போவார்.

“என் முடிய விடுங்க, இதென்ன காரா?” என்பாள் மனைவி. “புழுங்கிச் சாகுறோம். மனசுல என்னத்த வெச்சிருக்கீங்களோ, கொட்டித் தொலைங்களேன்.”

அவர் எழுந்து போய் ஜன்னலையும் சாத்துவார்.

போன வாரம் புதுக் காரின் மாதிரி வந்தது. இறக்கையே புதுசு. நேர்ச்சாலையில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், வளைவு வந்தால் தானே நிமிரும். அந்தக் காரை ஓட்டப் போகிறவளுக்கு வயது இருபத்திரண்டு. விசிறி ஓடியது. இறக்கை நிமிர்ந்ததும் வலப்பக்கக் கடைசி நூல் துடித்தது.

விசிறியை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காரை வடிவமைத்த பெண் மைக்கில் சொன்னாள். “டேப் விட்டுருச்சு போல. நல்லா அமுக்கி ஒட்டுங்க. நாளைக்கு வரைபடம் பட்டறைக்குப் போகணும்.”

அவர் கை தானாகவே டேப்பைக் கிழித்துவிட்டது. ஒட்டாமல் நின்றார்.

“அமுக்க மாட்டேம்மா. மூணு வருஷத்துக்கு முன்ன இப்படி அமுக்கித்தான் அந்தப் பையன் முடங்கிக் கெடக்குறான்.”

“என்ன உளர்றீங்க?”

சொன்னார். அந்தச் சோதனையின்போது எடுத்த பழைய படங்களை அவள் தேடி எடுத்தாள். நீள டேப் பளிச்சென்று தெரிந்தது. அத்தனை பேர் பார்த்த படம்தான்.

“வரைபடம் நாளைக்குப் போகாது,” என்றாள். “உங்க வேலை இருக்குமான்னு எனக்குத் தெரியல. ஆனா அவன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க.”

போனார். சக்கர நாற்காலிக்கு எதிரே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் இரண்டு கைகளையும் அவன் தூக்கி, புதிதாக வாங்கியவை போலப் பார்த்தான்.

“தினமும் கண்ண மூடுனா அந்த வளைவுதான் அண்ணே. எங்க தப்பு விட்டேன்னு தேடித் தேடி...”

“உன் மேல தப்பே இல்லப்பா.”

“இதச் சொல்ல உங்களுக்கு மூணு வருஷமா?”

அவர் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு வாங்க. அம்மா இருப்பாங்க. அவங்களும் என் தப்புன்னுதான் நெனச்சிக்கிட்டிருக்காங்க. எங்கிட்ட சொன்னத ஒரு வார்த்த கொறையாம அவங்ககிட்டயும் சொல்லணும்.”