பச்சை அடை ஏலம்

உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் சோறு போடும் பொறுப்பு ஒரு காலத்தில் கிழக்குத் தாம்பரத்தில், எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுத் தொட்டியில். பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் என் சித்தப்பா. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

அப்பாவின் தம்பியான அவர், கல்லூரி ஒன்றில் செடிகொடிகளைப் பற்றிய பாடத்துக்கு ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தார். கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். அறுபதுகளில் அரிசிக்குத் திண்டாட்டமாக இருந்த வருடம் அது. ரேஷன் கடையில் அரிசி கொஞ்சமும் கோதுமை நிறையவும் கொடுத்தார்கள். கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் ஊரே விழித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் தினமும் கோதுமைக் கஞ்சி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோறு. அந்தச் சமயத்தில் சித்தப்பா ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் படித்துவிட்டார். படித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

"ஜனங்க பெருகிக்கிட்டே போறாங்க அண்ணி, நிலம் பெருகாது. நெல்லுக்கு நாலு மாசம், ஏரித் தண்ணி பூரா வேணும். பாசிக்கு ஒரு தொட்டித் தண்ணியும் வெயிலும் போதும். பருப்பை விடச் சத்து!" என்று அம்மாவிடம் சொல்லி, ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு குப்பியில் கொண்டுவந்த பாசியைத் தொட்டியில் ஊற்றினார்.

சில நாட்களில் தண்ணீர் கிளிப்பச்சை ஆகிவிட்டது. பால்காரர் எட்டிப் பார்த்தார். அவர் சேலையூர்க்காரர், எங்கள் தெருவே அவர் அப்பா காலத்தில் வயலாக இருந்ததாம். "இன்னா சார் இது, தொட்டி பூரா பாசி புட்சிகினு கீது? ஒரு பிடி சுண்ணாம்பு போடு, எல்லாம் பூடும்" என்றார். சாப்பிடுவதற்காக வளர்ப்பது என்று சித்தப்பா விளக்கியதும், "சாப்புடவா? எங்க எருமையே இத்த மோந்து பாக்காது சார்!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்கோ அந்தத் தொட்டி மேல் பைத்தியம். எட்டு வயது எனக்கு. பள்ளி விட்டு வந்ததும் விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வெயில் சாயும்போது தண்ணீருக்குள்ளே பச்சையாக ஏதோ மூச்சு விடுவது போலத் தோன்றும். மேலே பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டே இருக்கும், அதன் நிழல் கூடப் பச்சையாகத்தான் விழும். பூகோளப் புத்தகத்தில் பார்த்த சீனத்துப் பிள்ளைகள், ஆப்பிரிக்கப் பிள்ளைகள் எல்லாம் கையில் தட்டோடு மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்குவார்கள். படியேறி, லெவல் கிராஸிங் தாண்டி, எங்கள் சந்துக்குள் வரிசையாக வருவார்கள். சித்தப்பா அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றுவார். தொட்டி குறையவே குறையாது. அம்மா இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்கும்.

அப்பாவுக்கு இந்தக் கனவெல்லாம் கிடையாது. தொட்டி இல்லாமல் குளிக்கிற தண்ணீரைக் குடத்தில் நிரப்பி நிரப்பி அவருக்கு அலுத்துவிட்டது. கடைசியில் ஒரு நாள் தீர்ப்புச் சொன்னார். "வர்ற அறுப்புப் பண்டிகைக்கு இதைக் கொண்டு வந்து ஏலத்துல வை. ஒருத்தராவது வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சாப்பிட்டா தொட்டி உனக்கு. இல்லேன்னா மறுநாளே கழுவி விட்டுடணும்." சித்தப்பா வீரமாகத் தலையாட்டினார்.

அறுப்புப் பண்டிகை எங்கள் கிறிஸ்தவ சபையில் பெரிய கொண்டாட்டம். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அவரவர் வீட்டில் விளைந்த முதல் பலனைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், வயல் இல்லாத ஆபீஸ்காரர்களாக இருந்தால் கேக். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். இதில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்தவர் பிரியப்பட்டால், "மறுபடி கோயிலுக்கே" என்று பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். உடனே அது மறுபடி ஏலத்துக்கு வரும். பக்தி மிகுந்த வருடங்களில் ஒரே எலுமிச்சம்பழம் மத்தியானம் வரைக்கும் விலைபோகும்.

சித்தப்பா பாசியை வடிகட்டி, வெயிலில் காயவைத்துத் தூளாக்கியிருந்தார். அம்மா அதைக் கோதுமை மாவோடும் வெங்காயத்தோடும் பிசைந்து அடை சுட்டாள். ஒரு தூக்குச்சட்டி நிறைய அடுக்கினாள். அடைக்குப் பச்சை நிறம் என்று சொன்னால் போதாது. கோயில் ஜன்னல் கதவுக்கு அடிக்கிற பெயிண்ட் இருக்கிறதே, அந்த நிறம்.

ஏலம் விட்டவர் ரயில்வேயில் கார்டு வேலை பார்த்தவர், குரல் பல்லாவரம் வரை கேட்கும். "அடுத்தது நம்ம தம்பி கண்டுபிடிச்ச பச்சை அடை! சத்தான அடை!" என்றார். தலைமை ஆசிரியர் ஒருவர் ஒரு ரூபாய்க்கு எடுத்தார். மூடியைத் திறந்தார், முகர்ந்தார், மூடினார். "மறுபடி கோயிலுக்கே!" என்றார். பிறகு தபால் ஆபீஸ்காரர் எடுத்தார், திறந்தார், "மறுபடி கோயிலுக்கே!" பிறகு ஆர்கன் வாசிக்கிற அம்மா. அவர் திறக்கக்கூட இல்லை.

சித்தப்பாவுக்கு முகமெல்லாம் பல். "பார்த்தியா பாப்பா, எவ்ளோ கிராக்கி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அப்பா மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் தொட்டியைக் கழுவுவதற்குத் துடைப்பம் கூட மனதில் எடுத்து வைத்திருப்பார்.

கூட்டம் கலையத் தொடங்கியது. தூக்குச்சட்டி மட்டும் மேஜை மேல் இருந்தது. "கடைசியா கேக்கறேன், யாராவது?" என்று கார்டு இழுத்தார். இத்தனை பேர் எடுத்தும் ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "நாலணா" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவர் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர், மூன்றாம் வகுப்புக்கு வருபவர். அவர் சிரிக்கவில்லை. நாலணாவைக் கொடுத்துவிட்டுத் தூக்குச்சட்டியைக் கையில் வாங்கி, எடை பார்ப்பது போல ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். பிறகு சித்தப்பாவிடம் கேட்டார்.

"இது எத்தனை பேருக்கு வரும் சார்?"

அன்றுவரை எல்லாரும் ருசி எப்படி என்று கேட்டார்கள், நாற்றம் போகுமா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு தொட்டி இருந்தா ஒரு தெருவுக்கே வரும் டீச்சர்! ஒரு ஏரி இருந்தா மெட்ராஸ் பூராவுக்கும்..." என்று ஆரம்பித்து இந்தியா, சீனா என்று போய்க்கொண்டே இருந்தார். டீச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இல்ல சார், நாங்க நாலு பேரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தொட்டி பிழைத்தது. சித்தப்பா அன்று மாலை முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். "படிச்சவங்கன்னா அவங்க! உடனே கணக்குக்குப் போயிட்டாங்க பாருங்க" என்றார். அம்மா ராத்திரிக்குக் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, டீச்சர் கேட்டதை அப்படியே சொல்லச் சொன்னாள். சொன்னேன். அகப்பை நின்றது. "பள்ளிக்கூடத்துல சம்பளம் போடலைன்னு பேசிக்கிட்டாங்களே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெரியவர்கள் எதற்கோ எதையோ சம்பந்தப்படுத்திப் பேசுவது எனக்குப் பழக்கம்தான்.

மறுநாள் காலை டீச்சர் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். உள்ளே முருங்கைக்கீரை. வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது அல்லவா. அதே சட்டியில் அன்று மாலை அம்மா எதையோ வைத்து இறுக மூடி என்னிடம் கொடுத்தாள். "சித்தப்பா அனுப்பினாருன்னு சொல்லிக் குடு. திறந்து பாக்காதே" என்றாள்.

திறந்து பார்க்காதே என்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? சந்து திரும்பியதும் திறந்தேன். சோறு! தும்பைப் பூவாய் வெள்ளைச் சோறு, மேலே ஒரு குழிக் கரண்டி சாம்பார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று பானையில் வைத்திருந்த அரிசி. மருந்துக்குக் கூட ஒரு துளிப் பச்சை இல்லை. எனக்கு அம்மா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. உலகத்திலேயே சித்தப்பாவின் பாசியை மதித்து வாங்கிப் போனவர் ஒரே ஒருவர். அவரைப் போய் இப்படி ஏமாற்றலாமா?

டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவருக்குப் பின்னால் இரண்டு தம்பிகள் நின்றார்கள், உள்ளே யாரோ இருமுவது கேட்டது. சட்டியை நீட்டினேன். மனசு கேட்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். இன்னிக்குப் பாசி இல்ல. வெறும் சோறுதான்."

டீச்சர் சட்டியை வாங்கிக்கொண்டு சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பாவம், பச்சை அடையை எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்திருந்தாரோ என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.