இராசாத்திக்குச் சொல்லாத நடை

குருநகர் இராசாத்திக்குக் கால் பெருவிரல்தான் மூன்றாவது கை. கிழிந்த வலையின் கண்ணியை அதில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி விறாந்தையில் காலை நீட்டி இருந்தாளென்றால், பொழுது சாயும்வரை எழும்ப மாட்டாள். வலை பொத்துவதில் அவளை அடிக்க அந்தக் கரையில் ஆளில்லை. தேத்தண்ணிகூட இருந்த இடத்துக்கே வரும்.

சலரோகம் வந்தபோது, அவளும் ஓய்வுபெற்ற ஆசிரியை மிரியமும் ஒரே கிளினிக்குக்குத்தான் போனார்கள். இருவருக்கும் இரத்தத்தில் ஏறக்குறைய ஒரே அளவு சீனி. ஆனால் மிரியம் ரீச்சர் உள்ளே போனால் திரும்பிவரச் சுணங்கும். தினமும் நடக்க வேண்டும், இன்ன மாதிரிச் செருப்புப் போட வேண்டும், பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று டொக்டர் ஆறுதலாகச் சொல்லிக்கொடுப்பார். இராசாத்தியோ போன சுருக்கிலேயே மருந்துக் குளிசையோடு வந்துவிடுவாள். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு.

ஒருநாள் அவள் கேட்டே விட்டாள். "டொக்டர், நானும் ரீச்சர் மாதிரி நடக்கோணுமோ?"

அவர் சிரித்தார். "நீங்கள் கடற்கரைச் சனமல்லோ அம்மா. நாள் முழுக்க ஓடியாடுற சீவியம். நடையெல்லாம் கதிரையிலை இருக்கிற ஆக்களுக்கு."

நீ என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு சொல் கேட்டாரா அந்த மனிதர்? குருநகர் என்றால் எல்லாரும் தோணி தள்ளுகிறார்கள், மீன்கூடை சுமக்கிறார்கள் என்று தானே முடிவுகட்டிவிட்டார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இவளும் வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

சீனி இறங்கவில்லை; நாளடைவில் கால் விறைத்தது. நைலோன் நூல் பெருவிரலை அறுத்தபோது அவளுக்கு நோகவேயில்லை. வலையில் இரத்தத்தைக் கண்டு பதறியவள் மகள் றொசாந்திதான். புண் புரையோடி, கடைசியில் ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள்.

கட்டுப்போட்ட காலோடு மகளைப் பிடித்துக்கொண்டு மறுபடி அதே டொக்டரிடம் போனாள். இந்தமுறை அவர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, அவள் முகத்தைப் பார்த்து, கனிவாகக் கதைத்தார்.

"புண் ஆறுமட்டும் நடக்காதேங்கோ அம்மா. கவனமாய் இருக்கோணும்."

இராசாத்தி குரலை உயர்த்தவில்லை.

"நடையைப் பற்றி இண்டைக்குத்தான் எனக்கெண்டு ஒரு புத்தி சொல்லுறியள் டொக்டர். அதுவும் நடக்காதேங்கோ எண்டு."