மணிக்கூண்டு காத்திருந்த மூன்று நொடி

நாடாளுமன்றத்தின் கிழக்கு வாசலில் கதவு சாத்துவது அவருடைய வேலை. வாக்கெடுப்பு என்றால் கட்டடம் முழுக்க எட்டு நிமிடம் மணி அடிக்கும். மணி ஓய்ந்ததும் கதவைச் சாத்திப் பூட்டிவிட வேண்டும். அதன் பிறகு அமைச்சரே வந்து நின்றாலும் வெளியேதான். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு நொடி பிசகியதில்லை. சக ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு.

வீட்டிலும் அதே கறார்தான். மனைவி தலைவார ஐந்து நிமிடம் தாமதித்தாள் என்று அவளை விட்டுவிட்டு, அவளுடைய அண்ணன் கல்யாணத்துக்கே தனியாகப் போய் இறங்கிய மகராசன்.

அப்பேர்ப்பட்டவர் ஆறு மாதமாகக் காத்துக்கிடந்தார். தங்கைக்கு அறுவை சிகிச்சை என்று பத்து நாள் இருந்து வர மேற்கு வட்டாரத்துக்குப் போனாள் மனைவி. ஆறாம் நாள், நோய் பரவுகிறதென்று அந்த வட்டாரத்தை மட்டும் அடைத்துவிட்டார்கள். யாரும் உள்ளே போக முடியாது, வெளியே வரவும் முடியாது. அறுபது நாளுக்கொரு முறை அவை கூடித் தடையை நீட்டிக்கும். ஒவ்வொரு முறையும் அந்த வாக்கெடுப்புக்குக் கதவு சாத்தியவர் இவரேதான். வீட்டில் அவளுடைய சீப்பு கண்ணாடி முன்னால் வைத்தது வைத்தபடி கிடந்தது. அவள் இல்லாமல் அவருக்கு எதுவும் ஓடவில்லை. கோபம் வந்தால் சண்டை போடக்கூட ஆளில்லை.

மூன்றாவது நீட்டிப்பு வாக்குக்கு வந்த பிற்பகல், நிலைமை வேறாக இருந்தது. ஆளுங்கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு. ஓரிரு வாக்கில் தீர்மானம் தோற்றுவிடும் என்று தேநீர் அறை முழுக்க அதே பேச்சு. எதிர்ப்புக்கு முன்நின்றவர் மேற்கு வட்டார உறுப்பினர். முன்னாள் ஆசிரியை, எல்லோருக்கும் டீச்சர். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். முகமெல்லாம் மாஸ்க்குக்குள் போய்விட்ட அந்த நாட்களில், மணிக்கூண்டு உறுப்பினர்களை நடையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

மணி ஓய்ந்தது. கை கதவில் இருந்தது. தாழ்வாரக் கோடியில் வெள்ளை மாஸ்க் போட்ட ஒரு பெண் இடது காலை இழுத்து இழுத்து ஓடி வந்தார். டீச்சரேதான் என்று நினைத்தார். இந்த ஒரு வாக்கு விட்டுப்போனால் மனைவி வரமாட்டாளே என்று மனசு அடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கை அசையவில்லை.

வந்தவர் புதுச் செருப்பு கடித்துக் காலை இழுத்த ஆளுங்கட்சி உறுப்பினர். அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு அதே கட்சிக்காரர் இன்னொருவரும் உள்ளே நுழைந்தார். டீச்சரோ வடக்கு வாசல் வழியாக எப்போதோ வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

எழுபதுக்கு அறுபத்தொன்பது. தடை நீண்டது.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது மனைவி அழைத்தாள்.

"டிவியில பார்த்தேன். மணி நின்ன பிறகு ரெண்டு பேர் ஓடி வந்தாங்களாமே. வாசல்ல இருந்த ஆளு தூங்கிட்டாரோ என்னவோ. உங்க வாசலா இருக்காது."

"என் வாசல்தான்."

"நீங்களா லேட்டா சாத்தினீங்க?"

"டீச்சர்னு நினைச்சுட்டேன். நீ வரணுமேன்னு நின்னுட்டேன்."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றார்.

"எனக்காக இப்பதான் முதல் தடவையா நின்னிருக்கீங்க," என்றாள்.

சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று குரலை வைத்து அவரால் சொல்ல முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். அதற்கு இன்னும் அறுபது நாள் இருந்தது.