கேட்காமல் பூசிய சந்தனம்

போன வருடம், கோடை விடுமுறை முடிகிற சமயம். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் துணிக்கடையில் நடந்தது இது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும், அவ்வளவுதான் இடம். நகரியில் என் அண்ணன் தறி ஓட்டுகிறார். அங்கிருந்து லுங்கி, துண்டு, காட்டன் புடவை வரும். நைட்டி மட்டும் வெளியில் வாங்கி வைப்பேன். மற்றபடி என் வாய்தான் எனக்கு முதலீடு. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பேன். படியேறியவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டேன் என்று எனக்கே என் மேல் ஒரு கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்துக்குத் தூபம் போட்டது சித்தூரில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பு. சிறு வியாபாரிகளுக்காக ஒருநாள் நடத்தினார்கள், மத்தியானச் சாப்பாட்டோடு. தெலுங்கில் பேசிய அந்தப் பயிற்சியாளர் சொன்னதெல்லாம் நல்ல விஷயம்தான். சரக்கைக் காட்டுவதற்கு முன்னால் நாலு வார்த்தை பேசுங்கள். எதற்காக வந்தார் என்று கேளுங்கள். போன் நம்பர் வாங்கி வையுங்கள். வாடிக்கையாளரின் சிரித்த முகத்தைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது, அதைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். இதில் எதையும் இன்றைக்கும் நான் குறை சொல்லமாட்டேன். நான் அதைச் செய்த லட்சணம்தான் பிரச்சினை.

எங்கள் ஊரில் மொட்டைத் தலைக்குப் பஞ்சமே இல்லை. ஆண், பெண், கைக்குழந்தை, எல்லோரும் மலையில் முடியைக் கொடுத்துவிட்டுத் தெருவில் சாதாரணமாக நடப்பார்கள். வெளியூரில் ஒரு பெண் மொட்டைத் தலையோடு போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே யாரும் பார்ப்பதில்லை. அதனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மொட்டையோடு யார் வந்தாலும் தலையில் குளிர்ச்சியாகப் பூசிவிடுவேன், காசு கிடையாது. பூசிவிட்டுப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. அன்றைக்கே கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன்.

வியாபாரம் நிஜமாகவே ஏறியது. முதலில் "போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். யாருமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். எல்லோரும்தான் சரி என்கிறார்களே, பிறகு எதற்குக் கேட்பது என்று நாளாவட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள், "நீ துணி விக்கிறியா, சினிமா எடுக்கிறியா?" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை கடை திறந்ததும் ஓர் அம்மா தனியாக வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தார். நைட்டி வேண்டும் என்றார். பருத்தியில், முன்பக்கம் பட்டன் வைத்ததாக, உள்ளே தையல் உறுத்தாததாக. பேச்சைக் கேட்டதுமே சத்தியவேடு பக்கம் என்று தெரிந்துவிட்டது. நம்ம ஊர்க்காரி என்ற உரிமை வேறு எனக்கு வந்துவிட்டது.

குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தபோது முந்தானை நழுவியது. வழுவழுவென்று மொட்டை.

"இன்னாக்கா இது, மூடி மூடி வெச்சிக்கினு? பெருமாளுக்குக் குடுத்த முடி, இதுல இன்னா வெக்கம்?"

தரிசனம் நல்லபடியாக ஆயிற்றா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். இன்னா வேண்டுதல் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "பொண்ணு மாசமா இருக்குது" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதி எல்லாவற்றையும் நானே சொன்னேன். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று மொட்டையா? பால் கொடுக்க வசதியாக முன்பட்டன் நைட்டியா? அவளுக்குத்தானே வாங்குகிறீர்கள்? அவர் தலையை மட்டும் ஆட்டினார். கேள்வியும் நானே, பதிலும் நானே. இதற்குப் பெயர் வாடிக்கையாளரிடம் பேசுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். முகத்தில் தூக்கம் இருக்கும், கையில் லட்டுப் பை இருக்கும். இவர் கையில் பை இல்லை. புறங்கையில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நகமெல்லாம் கறுத்திருந்தது. எல்லாவற்றையும் கண் பார்த்தது. வாய் ஓய்ந்தால்தானே மூளை வேலை செய்யும்?

பேசிக்கொண்டே கிண்ணத்திலிருந்து சந்தனத்தை அள்ளி அவர் தலையில் பூசிவிட்டேன். உடம்பு அப்படியே விறைத்தது. கண்ணை மூடிக்கொண்டார், ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. பக்தி என்று நினைத்தேன். அந்தக் கண்ணீரோடு சேர்த்தே போட்டோ எடுத்தேன். "போட்டோ எதுக்கும்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "சும்மா, ஞாபகத்துக்குக்கா" என்று சொல்லிவிட்டு, அவர் நம்பரை வாங்கி, அவர் போனை எடுத்து அதில் என் கடை நம்பரையும் நானே பதிந்து கொடுத்தேன். புதுச் சரக்கு வந்தால் தெரிய வேண்டாமா?

போகும்போது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த ஷேர் ஆட்டோ போகும் என்று கேட்டார். யாரையோ பார்க்கப் போகிறார் போல என்று வழி சொல்லி அனுப்பினேன்.

அப்புறம் உட்கார்ந்து ஸ்டேட்டஸ் போட்டேன். 'மகளின் சுகப்பிரசவத்துக்காக முடி காணிக்கை தந்த தாயுள்ளம்! வாழ்த்துங்கள் நண்பர்களே!' இதை எழுதியது நான்தான் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மத்தியானத்துக்குள் கும்பிடு பொம்மைகள் குவிந்துவிட்டன. சத்தியவேட்டில் என்னிடம் லுங்கி எடுக்கும் ஒருவர் அதை என் கடை நம்பரோடு அவர்கள் ஊர் குரூப்பிலும் போட்டுவிட்டேன் என்று பெருமையாகத் தகவல் அனுப்பினார்.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல். மூச்சு வாங்கியது.

"ஆன்ட்டி, நீங்க போட்டோ போட்டீங்கல்ல, அது எங்க அம்மா. எங்க கீது இப்போ?"

நான் சிரித்துக்கொண்டே, "நீதானாம்மா அது? உனக்காகத்தான் மொட்டை போட்டுக்கினு..." என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"எங்கம்மா வேண்டுதலே வெக்காது ஆன்ட்டி. போட்டோவைப் பெருசு பண்ணிப் பாருங்க. அதுக்குப் புருவம் இல்ல."

போனைக் காதிலிருந்து எடுத்து அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினேன். புருவம் இல்லை. இமை முடியும் இல்லை. மலையில் புருவத்தையா எடுப்பார்கள்? காலையில் அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண்ணைச் சென்னைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் வளைகாப்புக்குப் பெற்ற தாய் வரவில்லை. முட்டிவலி, வைத்தியத்துக்குத் திருப்பதியில் தங்கியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வளைகாப்பு முடிந்தால் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதானே வழக்கம்? "அங்கேயே பெத்துக்கோம்மா, அங்க டாக்டருங்க நல்லா பாப்பாங்க" என்று அதையும் தட்டிக் கழித்திருக்கிறார். மாமியார் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேச, அவள் கோபத்தில் அம்மாவோடு பேசுவதையே நிறுத்தியிருக்கிறாள். இதையெல்லாம் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். கடைசியில், "நான் பஸ்ஸு ஏறிட்டேன் ஆன்ட்டி" என்றாள். நிறைமாதம். புருஷன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தனியாகக் கிளம்பியிருக்கிறாள்.

அந்த அம்மாவின் நம்பருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஸ்டேட்டஸை அழித்தேன். குரூப்பில் போனதை எப்படி அழிப்பது? வீட்டுக்காரரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். புற்றுநோய்ப் பிரிவு எது என்று கேட்டுக் கேட்டுப் போனேன். அங்கே வரிசையாகப் போட்ட சாய்வு நாற்காலிகளில் ஒன்றில் அவர் கண்மூடிப் படுத்திருந்தார், மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. போட்டிருந்தது காலையில் என்னிடம் வாங்கிய நைட்டி. அதன் மேல்பட்டனைத் திறந்து, நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊசியைச் செருகியிருந்தார்கள். பால் கொடுக்க வசதி என்று நான் சொன்ன அதே பட்டன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அழுதுகொண்டே, போட்டோவை ஊருக்குக் காட்டிவிட்டேன், உங்கள் பெண் பார்த்துவிட்டாள், பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் எழப் பார்த்தார். நர்ஸ் ஓடி வந்து தோளைப் பிடித்து அழுத்தினார்.

"தனியாவா வர்றா?" என்றார். ஆமாம் என்றேன். என்னை அப்படிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உன் சந்தனத்தைக் கழுவுறதுக்குள்ள எனக்கு ரெண்டு தடவ வாந்தி. எந்த வாசனையும் ஆவாது எனக்கு. அது போவட்டும். புள்ளையப் பெத்து எடுக்கட்டும், அப்பால நானே சொல்லிக்கலாம்னு எவ்ளோ பொய் சொல்லி வெச்சிருந்தேன் தெரியுமா? அவ கோச்சிக்கினு பேசாம இருந்தாளே, அதையும் தாங்கிக்கினு இருந்தேன். இப்ப நீ போ. பஸ் ஸ்டாண்டுல நில்லு. அவளைப் பத்திரமா இட்டுக்கினு வா."

போனேன். சென்னையிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் ஓடி ஓடிப் பார்த்தேன். வழியில் அவளுக்கு வலி எடுத்துவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்து நினைத்துப் பெருமாளைக் கூப்பிட்டேன். கும்பிட்ட கை இறங்கவில்லை. சாயங்காலம் அவள் இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. கால் இரண்டும் வீங்கியிருந்தன. யார் என்று சொன்னதும் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதறியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் மகளைப் பார்த்ததும் அந்த அம்மா முதலில் செய்தது, மடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டதுதான். மகள் அந்தத் துண்டை மெதுவாக எடுத்துவிட்டு, அந்தத் தலையில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே நிற்க எனக்கு என்ன தகுதி என்று தோன்றியது. போகவும் கால் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "நீங்க போட்டோ போடலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. கோவத்துலயே இருந்திருப்பேன். ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி எனக்கு மனசு லேசாகிவிட்டது. பார்த்தாயா, எல்லாம் நல்லதுக்குத்தான், பெருமாள் என்னை வைத்து நடத்தியிருக்கிறார் என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அந்த அம்மா முந்திக்கொண்டார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"அவ சின்னப் பொண்ணு, சொல்லுவா. நான் சொல்ல மாட்டேன்மா. என் தலைய யாருக்கு எப்பக் காட்டணும்னு நான்தான் சொல்லணும். அதை நீ எடுத்துக்கினே."

தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதைவிட வெட்கக்கேடு என்ன தெரியுமா? நான் அழித்த பிறகும் குரூப் குரூப்பாகப் பரவி, நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். அடுத்த வாரம் புத்தூரிலிருந்து ஒரு குடும்பம், "அந்த மொட்டை அம்மா போட்டோ பாத்துட்டு வந்தோம்" என்று சொல்லி, கல்யாணத்துக்கு மொத்தமாகப் புடவை எடுத்துப் போனது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தனக் கிண்ணத்தை வீட்டுக்காரரே எடுத்துப்போய் வீட்டுப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனது. குழந்தையின் படத்தை எனக்கு அனுப்பி, கீழே, 'நீங்க மட்டும் பாக்கறதுக்கு ஆன்ட்டி' என்று எழுதியிருந்தாள். குத்திக் காட்டத்தான் எழுதினாளா, வெகுளியாக எழுதினாளா, தெரியவில்லை. எப்படி எழுதியிருந்தாலும் எனக்கு அது வேண்டியதுதான்.

கடை நடத்துகிற என் போன்றவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். பேசுங்கள், ஆனால் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள். நூறு பேர் சரி என்றாலும் அடுத்தவரிடம் புதிதாகக் கேளுங்கள். வேண்டாம் என்று வாயால் சொல்லாதவர்கள் எல்லோரும் சம்மதித்தவர்கள் இல்லை. சிலருக்குச் சொல்லத் தெம்பு இருக்காது. என் ஸ்டேட்டஸில் இப்போது துணி மட்டும்தான் வருகிறது, முகம் வருவதில்லை.

அந்த அம்மா அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. அவர் நம்பர் என் போனில் இருக்கிறது. புதுத் துண்டோ புடவையோ போடும்போது, பார்த்தவர்கள் பட்டியலில் எப்போதாவது அவர் பெயர் தெரியும். தெரிந்த அன்றைக்கு, இருக்கிறார், போன் பார்க்கும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறார் என்று நிம்மதியாகத் தூங்குவேன். தெரியாத வாரங்களில் போனைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். முன்பின் தெரியாதவரிடமெல்லாம் உரிமையோடு நலம் விசாரித்தவள் நான். நிஜமாகவே நலம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தவிக்கிற ஒரே ஒருவரிடம், அதைக் கேட்கும் உரிமையை நானே தொலைத்துவிட்டேன்.