மஞ்சள் விளிம்பு

என் தங்கையின் கணவர் பெயிண்டர். எங்கள் தெருவில் அவருக்கு 'மூணு கோட்டு' என்று பெயர். இரண்டு கோட்டு என்று பேசிவிட்டு, போன இடத்தில் மூன்று கோட்டு அடித்துக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். ஏன் என்று கேட்டால், சுவர் இன்னும் குடிக்குது மச்சான் என்பார். சுவருக்கு ஊற்றிக் கொடுத்தது போதும், வீட்டைப் பாருங்கள் என்று நான் கத்துவேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பேச்சு கம்மி, கோபம் அதைவிடக் கம்மி. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருந்தது.

நான் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம், அதுதான் என் வீடு. கடையில் உட்கார்ந்தால் எதிரே தங்கை குடியிருந்த மாடி வீடு தெரியும். வெளிப்பக்கமாகப் பதினாலு படி, ஏறினால் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். பிள்ளை குட்டி இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பத்தொன்பது வருடம் இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

முப்பது வயதுக்கு மேல் தங்கைக்குக் கண் மங்க ஆரம்பித்தது. ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. இருப்பதை வைத்து ஓட்ட வேண்டியதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த வட்டத்திலும் ஒரே நிறமாக இருப்பது எதுவும் பிரிந்து தெரியாது. சிமெண்டுப் படியில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் ஒரு நாள் உருண்டு விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டாள். நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். அவர் வேலையிலிருந்து வந்தார், கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், படியைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம், கல்லுளிமங்கன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பளீரென்று மஞ்சள் எனாமல் அடித்தார். அவள் இறங்கிப் பார்த்தாள். விளிம்பு தெரிகிறது என்றாள். பிறகு அந்த மஞ்சள் வீட்டுக்குள்ளும் போயிற்று. கதவு நிலை, சுவிட்சுப் பலகையைச் சுற்றி, சமையல் மேடையின் ஓரம், அலமாரித் தட்டுகளின் நுனி என்று அவள் கை எங்கெல்லாம் தடவியதோ அங்கெல்லாம் அடித்தார். அதற்குப் பிறகு அவள் விழவே இல்லை.

தெருவை அவளே எண்ணி வைத்துக்கொண்டாள். கீழ்ப்படியிலிருந்து என் கடைக்கு இருபத்தாறு காலடி, அங்கிருந்து மளிகைக் கடைக்கு நாற்பது. அவள் வருகிற பக்கத்தில் மளிகைக்காரர் மூட்டை இறக்க மாட்டார். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தெருவுக்குள் என் தங்கைக்குக் கண் தெரிந்தது. தெருவைத் தாண்டினால் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

அந்தத் தெருவுக்குத்தான் வந்தது கேடு. பக்கத்தில் பெரிய ஆபீஸ்கள் கட்டினார்கள். முதலில் ஒரு காபிக் கடை வந்தது, அப்புறம் நாய்க்கு முடி வெட்டுகிற கடை வந்தது. எனக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவரைக் காலி பண்ணிவிட்டு அந்த இடத்தில்தான் நாய்க்கு வெட்டுகிறார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். காலியான வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க நம் ஆளைக் கூப்பிட்டார்கள். மூணு கோட்டு ஏணியோடு வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று ஜனங்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், பிறகு சிரிக்காமல் சொன்னார்கள். அவரைக் கண்டதும் ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று தங்கை சொன்னாள். எனக்கு மட்டும் வியாபாரம் கூடியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

ஒரு நாள் தங்கை வீட்டு ஓனர் வந்து மாப்பிள்ளையிடம், வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டும், நீயே அடித்துவிடு என்றார். காலி பண்ண வைக்கவா என்று நேரே போய் ஓனரிடம் கேட்டேன். சும்மா பெயிண்டுதானப்பா, யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்றார். நானும் நம்பினேன். நம்பியதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நம்ம வீடுன்னு நெனச்சு அடிச்சுக் குடுங்க மாப்ள. ஓனர் மனசு குளிர்ந்துட்டா இன்னும் பத்து வருஷத்துக்கு வாயே தொறக்க மாட்டாரு" என்றேன்.

தங்கை உள்ளேயிருந்து, "ரொம்ப அழகாக்கிடாதீங்க. இருக்கிறதே போதும்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது.

பன்னிரண்டு நாள் அடித்தார். பழைய பெயிண்டைச் சுரண்டி, பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, மினுமினுப்பில்லாத வெள்ளையில் மூன்று கோட்டு. மினுக்கினால் அவளுக்குக் கண் கூசும். வெள்ளை காய்ந்ததும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி மஞ்சள் விளிம்புகளைப் புதிதாக இழுத்தார். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. மேல் படியில் நின்று பார்த்துவிட்டு, சுவரைத் தொடாமல், கையை வீசிக்கொண்டு தங்கை இறங்கி வந்தாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பல் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஓனர் வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்க ஆள் வந்தான். அதற்குப் பிறகு ஜோடி ஜோடியாக வீடு பார்க்க வந்தார்கள். எல்லாரும் முதலில் நின்றது படியில்தான். மஞ்சளைப் பார்த்துவிட்டு, இது யாருடைய டிசைன் என்று ஒரு பெண் அவரிடமே கேட்டாள். டிசைன் எல்லாம் இல்லைங்க, நான் பெயிண்டர் என்றார். அந்த வாரமே ஓனர் தலையைக் குனிந்துகொண்டு வந்து இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொன்னார். ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய என்றார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், தெருவே கூடிவிட்டது. மாப்பிள்ளைதான் தோளைப் பிடித்து என்னைக் கடைக்கு இழுத்து வந்தார்.

"செவுத்தைக் கெடுத்து வெச்சிருக்கணுமா மச்சான்? எனக்கு அது வராதே" என்றார்.

இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் வீடு கிடைத்தது. படியெல்லாம் வெள்ளை டைல்ஸ். அதில் பெயிண்ட் படக்கூடாது என்று அந்த வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை மஞ்சள் டேப் ஒட்டினார், அதையும் உரித்துப் போட்டார்கள். இரண்டாவது மாதம் தங்கை விழுந்தாள். அதற்குப் பிறகு அவர் வேலை முடிந்து வருகிற வரைக்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். எனக்கு நெஞ்சு வலிக்கிறது, வேறு எப்படிச் சொல்ல?

இங்கே என்னடாவென்றால் மஞ்சள் விளிம்பு பிடித்துக்கொண்டது. காபிக் கடைப் படிக்கு வேண்டுமாம், நாய்க் கடைக்கு வேண்டுமாம், பக்கத்து இரண்டு வீட்டுக்கும் வேண்டுமாம். இரண்டு பஸ் மாறி வந்து மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் அடித்தார். உங்களைத் துரத்திய தெருவுக்கு வந்து பூசுகிறீர்களே, சூடு சொரணை இல்லையா என்று கேட்டேன். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "அவ ஒரு நாள் இங்க வந்தா நடக்கணும்ல" என்றார். நான் போய் என் பஞ்சரைப் பார்த்தேன்.

போன மாதம் ஒரு காலையில் பெயிண்ட் டப்பாவும் பையுமாக வேலைக்கு வந்தவர் அவளையும் கூட்டி வந்தார். தெரு ஆரம்பத்திலேயே அவர் கையை விட்டுவிட்டாள். அவள் பாட்டுக்கு நடந்தாள். நான் கூப்பிட்டேன். எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போனாள். பழைய வீட்டுப் படியில் எதையும் பிடிக்காமல் ஏறினாள். நாங்கள் இரண்டு பேரும் கீழே நின்றோம். சத்தம் கேட்டு, குடிவந்திருக்கிற பெண் கதவைத் திறந்து யார் வேண்டும் என்று கேட்டாள்.

"யாரும் வேணாம்ங்க. பதினோராவது படியில மஞ்சள் தேஞ்சிருக்கு. அவரு கீழதான் நிக்கிறாரு, அடிச்சுக் குடுத்துடுவாரு" என்றாள் தங்கை.

தேய்ந்தாலும் அழகாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை என்றாள் அந்தப் பெண். சரிங்க என்று தங்கை திரும்பினாள். பதினோராவது படிக்கு வந்ததும் நின்று, காலால் விளிம்பைத் தேடினாள். கிடைக்கவில்லை, இன்னொரு தடவை தேடினாள். மேலே நின்ற பெண் அதைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள், தன் வீட்டுக் கதவு நிலையைத் திரும்பிப் பார்த்தாள், வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை அதற்குள் டப்பாவோடு ஏறிப் போய்த் தங்கைக்குக் கையைக் கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்க்காத மனிதர்.

"இதுக்கு மூணு கோட்டு வேணும்ங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் காயும். மூணு நாளும் இவளையும் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். அவர் பதினோராவது படியில் உட்கார்ந்து உப்புத்தாளை எடுத்தார். தங்கை பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்து டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். ஒரு விளிம்புக்கு எதற்கு மூன்று கோட்டு என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை.