சீனியரின் நெஞ்சுவலி

கோர்ட்டில் அவரை வாய்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். தலை நரைத்தும் ஜூனியர். சீனியருக்கு வழக்கு நடத்த வசதிப்படாத நாள்களில் நீதிபதி முன் எழுந்து, “சீனியருக்கு உடம்பு சரியில்லை” என்று சொல்லித் தேதி வாங்குவதே அவர் செய்த வக்கீல் தொழில். அவர் புண்ணியத்தில் சீனியருக்கு மஞ்சள் காமாலை, முதுகுப்பிடிப்பு, அம்மை எல்லாம் வந்து போயிருந்தன. சீனியரோ கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஆசாமி.

திடீரென்று வாய்தாவுக்குப் படியேறினால் நெஞ்சு இறுக்கியது. மனைவி அலையாய் அலைந்து இதய டாக்டரிடம் நேரம் வாங்கினாள். அன்று காலை பார்த்து சீனியருக்கு வக்கீல் சங்கத்தில் சொற்பொழிவு. தலைப்பு, ‘வக்கீல்களே, உடம்பையும் கவனியுங்கள்’. அதனால் வாய்தாதான் கோர்ட்டில் நிற்க வேண்டும்.

“டாக்டர்கிட்டயும் ஒரு வாய்தா வாங்கிக்கோப்பா. உனக்குக் கைவந்த கலைதானே” என்றார் சீனியர். வாய்தா சிரித்தார். இப்படிப்பட்டவர்கள் இதற்கும் சிரிப்பார்கள்.

மனைவி சிரிக்கவில்லை. “அந்த மனுஷனுக்கு இல்லாத நோயெல்லாம் சொன்னீங்க. உங்களுக்கு நிஜமாவே ஒண்ணு வந்திருக்கு, அதைச் சொல்ல வாய் வரலையா?” என்று கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் போய்க் காத்திருந்தாள்.

கோர்ட்டில் நீதிபதியம்மா வழக்கத்துக்கு மாறாக, சீனியருக்கு என்ன நோய் என்று கேட்டுவிட்டார். வாய்தாவிடம் கைவசம் நோய் எதுவும் மிச்சமில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

“நெஞ்சு இறுக்குதும்மா. படியேறினா மூச்சு வாங்குது. இடது கை மரத்துப்போகுது.”

அவர் தொழிலில் சொன்ன முதல் உண்மை; அதையும் சீனியர் பேருக்கு எழுதிவைத்தார். நீதிபதியம்மா பதறிப்போய்த் தேதி கொடுத்ததோடு நிற்காமல், சீனியர் இருக்கும் இடத்துக்கு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னார்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள் என்று மேடையில் முழங்கிக்கொண்டிருந்தவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். நோயில்லை என்றால் கோர்ட்டில் சொன்னது பொய்யாகிவிடும். சீனியர் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். நன்றாகவே நடித்தார்.

கொண்டுபோனது அதே ஆஸ்பத்திரிக்கு. பின்னாலேயே ஓடிவந்த வாய்தாவை அவர் முறை வந்ததென்று நர்ஸ் அழைத்தாள். “சீனியர் தனியா இருக்கார், வேற ஒரு தேதி கொடுங்க” என்றார் வாய்தா. மனைவி கறுப்புக் கோட்டின் காலரைப் பிடித்து அவரை உள்ளே தள்ளினாள். பரிசோதித்த டாக்டர் வீட்டுக்கு விடவில்லை. உடனே ஊசி போட்டு, சீனியருக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே படுக்க வைத்தார்.

சீனியர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். “நீயும் படுத்துட்டா எப்படிப்பா? நாளைக்கு எனக்கு உடம்பு சரியில்லைன்னு கோர்ட்ல யாரு சொல்றது?”

வாய்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.